அக்கா வீட்டுக்கு வசூல்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பஸ் வர நேரமானால் ஸ்டாப்பிங்கில் நிற்காமல் அடுத்த ஸ்டாப்பிங்குக்கு நடந்து போய், நடுவழியில் பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள் நான். ஆரணியில் இருபது வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் பாலிசி போட்டிருக்கிறேன். மீதிப் பாதிப் பேர் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இத்தனை பேரைத் துரத்தித் துரத்திப் பாலிசி போட்டவள், சொந்த அக்கா குடியிருந்த வீட்டுக்கு ஒன்று போடவில்லை. வெள்ளம் வந்த பிறகு கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அது எங்கள் அப்பாவின் தாத்தா கட்டிய வீடு. அவருக்கும் முந்தியவர் கட்டியது என்றும் சொல்வார்கள். சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண்கள், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். ஆரணியை ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்தில் அரண்மனைக்குப் பட்டு இந்த வீட்டிலிருந்து போனது என்று ஒரு பேச்சு உண்டு. நான் கல்யாணமாகிப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டேன். அக்கா மட்டும் அங்கேயே இருந்தாள். மாமா காலமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒரே மகளைப் போளூரில் கொடுத்திருந்தது. கூடத்தில் அக்காவின் குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து நெய்கிற தறி. அக்கா பதினாறு வயதில் அதில் உட்கார்ந்தவள். விடிந்தால் அங்கே, சாப்பிட எழுந்தால் மறுபடி அங்கே. எனக்கு அந்தத் தறிமேல் சின்ன வயதிலேயே எரிச்சல். ஒரு மனுஷி எப்படித்தான் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும்.

அந்தக் கார்த்திகையில் புயல் மழை விடாமல் அடித்தது. ஏரி நிரம்பி வழிந்தது, ஆற்றிலும் வெள்ளம், தண்ணீர் தெருவுக்குள் புகுந்து இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், பின்கட்டுச் சுவர் சாய்ந்து கிடந்தது. ஓடு பாதி இறங்கியிருந்தது. கூடம் முழுக்க முழங்கால் அளவு சேறு. தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பட்டுப் பாவு நூல் சேற்றோடு சேறாகக் கிடந்தது, என்ன நிறம் என்றே தெரியவில்லை. அக்கா அதைக் கையால் அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். தெருக்காரர்கள் தறிச் சட்டங்களைக் கழற்றி எதிர்வீட்டு மாடியில் ஏற்றினார்கள். நான் அக்காவைப் போளூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், போன் வந்தது.

"மருமகப் புள்ளை தங்கமானவன்தாண்டி. அதுக்காவ அவன் வீட்டுல எத்தினி நாளு உக்காந்துகினு இருக்கறது? காலைல எழுந்தா டிவி முன்னாடி சேரைப் போட்டு உக்கார வச்சிடறாங்க. எனக்குப் பேஜாரா இருக்குது. எனக்கு என் தறியில போயி உக்காரணும்."

"வந்துடலாம்க்கா. வீட்டை ரிப்பேர் பண்ணிடறேன்."

"பட்டு முதலாளி சொல்லிட்டாரு. ஆடி பொறக்கறதுக்குள்ள தறி பூட்டினா பாவு தருவாராம். ஆவணி மொகூர்த்தப் பொடவை. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்."

ஆடிக்குள் அக்கா தறியில் உட்கார வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதை நான் எழுதி ஸ்கூட்டர் டேஷ்போர்டில் ஒட்டிவைத்திருந்தால் தேவலை.

வெள்ள நிவாரணம் என்று வந்தது சேறு வாரவே சரியாகப் போயிற்று. பழைய வீட்டுக்கு லோன் கிடையாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர், "இடிச்சிட்டு ரெண்டு ரூம் தளம் போட்டுக் குடுத்துடேன், ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார். அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. நாங்கள் பிறந்த வீட்டை இடிப்பதா? அந்தத் தூண்களைப் போல இன்றைக்கு ஒருத்தன் செதுக்கிவிடுவானா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் நான் யார் சொல்லியும் கேட்பதில்லை.

என் பாலிசிதாரர் ஒருவர் மூலமாகத்தான் அந்தச் சென்னைக்காரர் கிடைத்தார். ரிட்டயர்டு இன்ஜினியர். பழைய வீடுகளைக் காப்பாற்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வந்தார், தூணைத் தட்டினார், சுவரில் காதை வைத்தார், உடைந்த ஓட்டை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எனக்கு ஒரே சந்தோஷம், சரியான ஆள் மாட்டினார் என்று.

"இது உங்க குடும்பச் சொத்து மட்டும் இல்லைங்கம்மா. வரலாறு" என்றார். "பாதிப் பணம் நாங்க ரெண்டு தவணையா தர்றோம். மீதிப் பாதி உங்க பக்கத்துல திரட்டுங்க. முடியுமா?"

என்னிடம் போய் முடியுமா என்று கேட்கிறார்!

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலையில் இட்லியை நின்றுகொண்டே தின்பேன். சேவூர் ரோடு, போளூர், கலசப்பாக்கம், வேலூர் என்று ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் மாறி மாறி ஓட்டம். பட்டுக் கடைகள், ரைஸ் மில்கள், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், கல்யாண மண்டபங்கள் என்று ஒன்று விடவில்லை. ஒரு மண்டபத்தில் பந்தி நடக்கும்போது மைக்கை வாங்கிப் பேசிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். போளூர்ப் பக்கம் திருமலையில் சமணக் கோயில் பார்க்க வந்த ஒரு வடநாட்டு வேனை டீக்கடையில் மடக்கி, அத்தனை பேரையும் ஆரணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டைக் காட்டினேன். மொழி புரியாவிட்டாலும் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கதையும் வளர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது? ஆரணியில் சொல்லும்போது அரண்மனைக்கு ஏதோ பட்டு போனது. போளூரில் சொல்லும்போது ராணியின் கல்யாணப் புடவை இந்த வீட்டில் நெய்யப்பட்டது. வேலூர் போய்ச் சேருவதற்குள் ராணியே பல்லக்கில் வந்து எங்கள் முற்றத்தில் மோர் குடித்துவிட்டுப் போயிருந்தாள். பாலிசி விற்ற நாக்கு, சும்மா இருக்குமா? கலசப்பாக்கத்து மில்காரர் ஒருவர் மட்டும் முழுக் கதையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ பெரிய வீட்டுக்கு ஒரு பாலிசி போட்டிருக்கலாமேம்மா" என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் கொடுத்தார்.

போளூருக்கு வசூலுக்குப் போகும்போதெல்லாம் அக்காவை எட்டிப் பார்ப்பேன். எட்டித்தான் பார்ப்பேன், செருப்பைக் கழற்ற மாட்டேன். அக்கா அந்த டிவி முன்னால் சேரில் இருப்பாள். காலைத் தரையில் ஊன்றி, என்ன செய்வதென்று தெரியாத மாதிரி பாதத்தை மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டு. இளைத்திருந்தாள்.

"உள்ள வந்து உக்காருடி. ஒன்னு சொல்லணும்."

"இன்னும் நாலு கடை இருக்குதுக்கா. அப்புறம் வர்றேன்."

"வேலை எப்படிப் போவுது?"

"சூப்பரா போவுது. நீ வந்து பாரு, அசந்துடுவ."

வேலை உண்மையிலேயே நன்றாகத்தான் போனது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் எங்கள் பக்கம் குறைவு என்று, இன்ஜினியர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியையும் ஆட்களையும் அழைத்து வந்திருந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார்கள். சுவர் முட்டை ஓட்டைப் போல மின்னியது. நான் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தபடியே இருப்பேன். ஓடு எவ்வளவு ஏறியது, உத்தரம் நேராக இருக்கிறதா, தூணில் செதுக்கிய கிளி தெரிகிறதா என்று. போட்டோ எடுத்து நன்கொடை கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டுமே. மேலே பார்த்தவள் கீழே பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் இன்ஜினியர் ப்ளான் கொண்டுவந்தார். சேறு வாரி, தரையைச் சமமாகச் சுரண்டிய பிறகு அளந்து வரைந்தது. நான் வேலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் சீட்டின்மேலேயே பேப்பரை விரித்தார்.

"இது ஹால், இது சமையல் கட்டு, இது பின்கட்டு. நீங்க ஒருதரம் நிதானமா பாத்துட்டு..."

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்று நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வைகாசிக் கடைசியில் மேஸ்திரி போன் செய்தார். நான் வேலூர் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் நின்று, அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கூடத்துல ஒரு இடத்துல மட்டும் தரை அமுங்குதுங்கம்மா. கம்பி விட்டுப் பாத்தா ஆழமா எறங்குது. பழைய கெணறு ஏதும் இருந்துச்சுங்களா?"

"எங்க வீட்டுல ஏதுய்யா கெணறு? வெள்ளத்துல மண்ணு எளகியிருக்கும். நல்லா ஜல்லியைப் போட்டு இடிச்சுக் கெட்டிப் பண்ணுங்க. இதுக்கெல்லாம் வேலையை நிறுத்தாதீங்க, ஆடி பொறக்கப்போவுது."

"அதுக்கில்லம்மா, நேர்ல வந்து ஒரு பார்வை பாத்துட்டா..."

"நான் சொல்றேன் இல்ல, போடுங்க!"

அன்று சாயந்திரமே அக்காவும் கூப்பிட்டாள். "தறி இருந்த எடத்தை..." என்று ஆரம்பித்தாள். பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. "எல்லாம் நான் பாத்துக்கறேன், வையிக்கா" என்று கட் செய்தேன்.

இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குக் குழி நினைவு வராமல் போகுமா என்கிறார்கள். போனது. எங்கள் வீடுகளில் அதைக் குழி என்று யாரும் தனியாகப் பேசுவதே இல்லை. தறி என்றால் எல்லாம் சேர்த்துத்தான் தறி. தறிதான் எதிர்வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறதே, கொண்டுவந்து வைத்தால் ஆயிற்று என்று என் மண்டையில் பதிந்திருந்தது. இன்ஜினியருக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. தெருவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூக்கு இருக்கிறது என்று டாக்டரிடம் யாராவது சொல்வார்களா?

தரைக்குச் சிவப்புக் காவித் தளம் போட்டார்கள். அதன்மேல் வைக்கோல் பரப்பி, தண்ணீர் விட்டு, பல நாள் யாரையும் உள்ளே விடவில்லை. வைக்கோலை எடுத்த அன்று போய்ப் பார்த்தேன். முகம் தெரிந்தது தரையில். நான் குனிந்து என் பொட்டைச் சரிசெய்துகொண்டேன். இன்ஜினியர் பக்கத்தில் நின்று, "இதோட போட்டோ போனா ரெண்டாவது தவணை வந்துடும், பின்கட்டையும் முடிச்சிடலாம்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பளபளப்பில் நான் அப்படி மயங்கியிருந்தேன்.

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பந்தல், வாழைமரம், பிரியாணி. பணம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கலசப்பாக்கத்து மில்காரரும் வந்தார். இன்ஜினியர் பட்டு வேட்டியில் இருந்தார். நான் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை எடுத்துக் கட்டியிருந்தேன். போளூரிலிருந்து அக்கா வந்து இறங்கினாள். அவள் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே நாடாக்கட்டை இருந்தது, நூல்கண்டு போட்டு ஊடை ஓட்டுகிற கட்டை. அன்றைக்கே உட்கார்ந்துவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறாள், பாவி.

விளக்கேற்ற அவளைத்தான் கூப்பிட்டோம். ஏற்றினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவள் விளக்கை விட்டு நகர்ந்து கூடத்தின் நடுப்பக்கம் போனாள். நின்றாள். ஒரு அடி தள்ளிப் போய் நின்றாள். காலால் தரையைத் தடவினாள். சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, மறுபடி தரையைப் பார்த்தாள்.

"நான் எங்கடி உக்காரறது?" என்றாள்.

யாரோ ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து அவள் பின்னால் போட்டார்கள்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஜல்லியைப் போட்டு இடிக்கச் சொன்னவள் நான். என் வாயால் சொன்னேன். இன்ஜினியரிடம் ஓடினேன், "சார், குழி, குழி" என்று வார்த்தை திக்கியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"ப்ளான்ல குழியே இல்லையேங்கம்மா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். தப்பு என்னோடதுதான்."

"விடுங்க, அதுவும் நல்லதுக்குத்தான். குழி இருந்தா ஈரம் அஸ்திவாரத்துக்கு எறங்கும். தரை மேலேயே ஸ்டாண்டு வச்ச தறி வருதே, பெஞ்சுல உக்காந்து நெய்யலாம். இந்தத் தளத்தை மட்டும் தொட்டுடாதீங்க. சங்கத்துல இதைக் காட்டித்தான் அடுத்த தவணை கேக்கணும். ஒடைச்சா நான் என்னன்னு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவருக்குக் கோபமும் இல்லை. அக்கா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"வுடுடி. நாப்பது வருஷம் கொழியில உக்காந்த ஒடம்பு, இனிமே பெஞ்சு மேல ஏறிப் புதுசா பழகுமா? வீடு நல்லா இருக்குது. நான் சாயங்காலப் பஸ்ஸுக்குப் போளூருக்கே போறேன். முதலாளிகிட்ட பாவு நூலை வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லு."

வீடு நல்லா இருக்குது என்று அவள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

பின்பக்கம் மேஸ்திரியின் சாமான் குவியலில் கடப்பாரை இருந்தது. "ஒடைக்கணும்" என்று அவரிடம் நீட்டினேன்.

"நான் போட்ட தளத்தை நானே ஒடைக்க மாட்டேம்மா. வேற யாரையாச்சும் பாருங்க."

நியாயம்தான். கல்யாணப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடத்துக்கு வந்து, அக்கா கால் தடவின இடத்தில் நானே போட்டேன் முதல் போடு. கை அதிர்ந்ததே தவிர தளம் அசையவில்லை. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தார் மனிதர். இரண்டாவதும் மூன்றாவதும் போட்ட பிறகுதான் கீறல் விட்டது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். "அந்தம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மில்காரர் பக்கத்தில் வந்து, "நான் குடுத்த காசும்மா இது" என்றார். "தெரியுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சில்லு தெறிக்கும்" என்றேன். நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் பிரியாணிக்கே போய்விட்டார்.

இன்ஜினியர் சாப்பிடாமல் கிளம்பினார். கார் கதவைச் சாத்துமுன் தூண்களை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள். இரண்டாவது தவணை வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கூரை. காற்றடித்தால் தெரு முழுக்கச் சத்தம் கேட்கும். அதற்கு மறுபடி வசூலுக்குப் போகிறேன், ராணி கதை இல்லாமல்.

எல்லோரும் போன பிறகு எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டி கொடுத்தார். கொஞ்ச நேரம் கூட நின்று ஜல்லியை அள்ளி வெளியே போட்டும் கொடுத்தார். அதற்கும் கீழே வெள்ளம் கொண்டுவந்த கறுப்புச் சேறு, இறுகிக் கல்லாகியிருந்தது. குழிக்குள் ஒருவர்தான் நிற்க முடியும் என்று நானே இறங்கி வெட்டினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. புடவை போன இடம் தெரியவில்லை. அக்கா அந்தப் பிளாஸ்டிக் சேரைத் தள்ளிவிட்டு, உடைந்த தளத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். போளூர் பஸ் போயிருக்கும்.

வெகுநேரம் நான் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஊரு ஊரா போயி எல்லாரையும் கேட்டுகினு இருந்தியே" என்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் இடுப்பளவுக் குழிக்குள் அவள் காலடியில் நின்றிருந்தேன். மூக்கைப் புறங்கையால் துடைத்தேன், சேறு ஒட்டிக்கொண்டது. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"இன்னும் எவ்ளோ ஆழம் வேணும்க்கா?"

அக்கா புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு, இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டாள். பாதத்தை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தாள்.

"நாலு வெரக்கடை" என்றாள்.